பதினைந்து குதிரைவலு எஞ்சின்

“நீங்கள் வலை நிறுக்க வந்தனீங்களோ, இல்லாட்டி மண் நிறுக்க வந்தனீங்களோ?”

பிரஷாந்தி அப்படிக் கேட்டிருக்கக் கூடாது... கேட்டுவிட்டாள். அதுவும் தலைமன்னார்ச் சனம் பாதி வரிசையில் நிற்கும்போது. தராசில் தொங்கிய வலையிலிருந்து ஈர மண் பொலபொலவென்று அவள் செருப்பில் கொட்டியது. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

வலைக்குச் சொந்தக்காரன் சிரிக்கவில்லை. மெதுவாகக் கண்ணை உயர்த்தி அவளைப் பார்த்தான். உப்புத் தண்ணீரில் சிவந்த கண்கள்... அவற்றில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். இருந்தது வெறும் நோவு. அந்த நேரம் பார்த்து ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. அவன் வலையை இறக்கி, மழைக்குள் விரித்து, எல்லோரும் பார்க்க உதறினான். முப்பத்திரண்டு கிலோ பத்தொன்பதாகியது.

“எழுதுங்கோ மிஸ். ஜெகதீபன்.”

அவ்வளவுதான். போய்விட்டான்.

போட்டி தொடங்கி அப்போது இரண்டு கிழமைதான். கடலைச் சுத்தமாக்கவென்று ஒரு நிறுவனம் இறங்குதுறைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, உப்புக்குளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பிரஷாந்தியைத் தராசோடு உட்கார வைத்திருந்தது. கரையில் கிடக்கும் பிளாஸ்டிக்கோ, கடலில் கைவிட்ட நைலோன் வலையோ, கிலோவுக்கு இத்தனை புள்ளி. புள்ளிக்குச் சவர்க்காரம், வாளி, குடை. டிசம்பரில் வரும் நத்தாருக்கு முன் ஆகக் கூடிய புள்ளி எடுப்பவருக்குப் பதினைந்து குதிரைவலு எஞ்சின்... புத்தம் புதியது. வருடக்கணக்காகக் காலில் இடறிய போத்தலைக் குனிந்து எடுக்காத சனம், இப்போது ஒரு மூடிக்கு இரண்டு பேராகச் சண்டை பிடித்தது. கோபித்து என்ன செய்ய, நாமெல்லாம் அப்படித்தான்.

வரிசையில் அடுத்ததாக நின்ற சிங்கராசா அண்ணைதான் அவளுக்கு விளக்கினார். கடலடிக் கல்லில் சிக்கிப் புதைந்த வலை தானாகவே மண்ணை விழுங்கிவிடுமாம், யாரும் போடத் தேவையில்லையாம். அதைக் கடலுக்குள் மூழ்கிச் சுழியோடி அறுத்தெடுக்க அந்தப் பெடியனுக்கு இரண்டு நாள் போயிருக்கும் என்றார். பிரஷாந்திக்கு முகம் சுண்டிப்போனது. நாளைக்கே மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள். நாளை வந்தது... வாய் வரவில்லை.

அதன்பின் அவன் கொண்டுவந்த வலையெல்லாம் அலுமாரியில் இருந்து எடுத்த சேலை போல இருந்தன. கழுவி, காய வைத்து, மடித்து... ஒரு துளி மண் கிடையாது.

“வடிவாப் பாருங்கோ மிஸ், மண் இருக்கோ?”

“இல்லை.”

“இன்னும் கொஞ்சம் குனிஞ்சு பாருங்கோ. பிறகு பிழை சொல்லக் கூடாது.”

குனிந்து பார்ப்பாள். வலையைத்தான் பார்த்தாள் என்று சத்தியம் செய்யமாட்டேன். அவனோ வலைப்பக்கம் திரும்பவே இல்லை. செவ்வாயும் வெள்ளியும் வருவான். மற்ற ஐந்து நாளும் ஏன் இவ்வளவு நீளம் என்று அவள் யோசிக்கத் தொடங்கினாள்.

கார்த்திகையில் ஒருநாள் அவனுடைய தாய் மாக்கிறட் ஒரு பை போத்தலோடு வந்தா. மகன் கொண்டுவரும் ஒவ்வொரு வலையையும் நன்னீர்க் கிணற்றில் அலசி, பாசியும் சிப்பியும் சுரண்டி, இரண்டு நாள் வெயிலில் போடுகிறான் என்று சொல்லி, எல்லோருமே அப்படித்தானா என்று கேட்டா. எல்லோரும் அப்படி இல்லை. போட்டி விதி கேட்டது உதறலை மட்டும்தான். மற்றவர்களின் வலையில் உப்பும் பாசியும் ஈரமும் சேர்ந்து நிறை காட்டின. அவனுடைய வலையில் வெறும் நூல்தான் இருந்தது.

போகிற போக்கில் தாய் இன்னொன்றும் சொன்னா. அவர்களுடைய படகின் எஞ்சின் செத்துவிட்டதாம், மகன் பிறத்தியார் படகில்தான் போகிறானாம். இந்த எஞ்சின் கிடைத்தால் ஊரில் நிற்பான். கிடைக்காவிட்டால் தைமாதம் வேலைக்குக் கட்டாருக்குப் பயணம்... அத்தான்காரன் எல்லாம் சரிக்கட்டி வைத்திருக்கிறான்.

அன்று பிரஷாந்தி புள்ளிக் கொப்பியைப் புரட்டினாள். முதலாம் இடத்தில் சிங்கராசா அண்ணை. அவருக்கு அறுபது கிலோ பின்னால் ஜெகதீபன். அந்த அறுபதும் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய ஒரு வாய்ச்சொல் தின்றுவிட்டது.

யார் முன்னால், யார் பின்னால் என்று வேலையாட்கள் வெளியே சொல்லக் கூடாது. அதனால் அடுத்த வெள்ளி அவள் சொன்னதெல்லாம், இனிக் கழுவ வேண்டாம், உதறினால் போதும் என்பது மட்டுமே. அவன் சிரித்தான்.

“இப்ப கழுவாமக் கொண்டந்தா, அண்டைக்கும் நான் வேணுமெண்டுதான் மண்ணோட கொண்டந்தனான் எண்டாகிடும் மிஸ்.”

அந்த நிமிடம் கேட்டிருக்கலாம். ‘மன்னியுங்கோ’... ஒரே ஒரு சொல். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அத்தனை பேருக்கு முன்னால் நான் கேட்கவா என்று உள்ளே ஒரு வீம்பு. பஸ் வந்தது, ஏறிவிட்டாள். உப்புக்குளம் வரும்வரை தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். என்ன பிரயோசனம்?

கடைசி நாள். நாலு மணிக்குப் போட்டி முடிகிறது. காலையிலிருந்து அடைமழை. சிங்கராசா அண்ணை தன் கடைசிச் சாக்கையும் நிறுத்துவிட்டுப் போய்விட்டார். இடைவெளி இன்னும் அதே அறுபதுதான். மூன்றரைக்கு, ஆளில்லாத கொட்டகைக்குள் ஜெகதீபன் நனைந்தபடி ஒரு பெரிய வலைக்கட்டைச் சுமந்து வந்தான்.

அவள் தொட்டுப் பார்த்தாள். மூன்று மாதமாகச் செத்த வலைகளைத் தொட்ட கை அது. இந்த வலையில் பாசி இல்லை, வெளிறல் இல்லை. நூல் மெத்தென்று இருந்தது. மிதவைகளை அறுத்த இடம் அப்போதுதான் அறுத்ததுபோல் இருந்தது.

“இது ஆரின்ர வலை?”

“கடல்ல கிடந்தது.”

“ஜெகதீபன்...”

அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் தலை தானாகக் குனிந்தது.

“அப்பான்ர. வீட்டில இருக்கிற ஒரே வலை.” அவன் வலையை அவள் பக்கம் தள்ளினான். “வலை பிறகு வாங்கலாம். எஞ்சின் இண்டைக்கு மட்டும்தான். எழுபது கிலோ வரும். நிறுத்து விடுங்கோ மிஸ்... நான் இஞ்ச நிக்க வேணும்.”

“ஏன்?”

“ஏனெண்டு உங்களுக்குத் தெரியாதோ?”

அவள் தராசின் கொக்கியைக் கையில் எடுத்தாள். மாட்டினால் போதும். யாருக்கும் தெரியப் போவதில்லை. இவன் இங்கேயே இருப்பான், செவ்வாயும் வெள்ளியும் மட்டுமல்ல, எல்லா நாளும்... கடவுளே, எவ்வளவு ஆசையாக இருந்தது!

கொக்கியைக் கீழே விட்டாள்.

“எனக்கும் நிறுக்கத்தான் ஆசை. ஆனா சிங்கராசா அண்ணை மூண்டு மாசமாக் குனிஞ்சு பொறுக்கினவர். அந்த மனுசன்ர எஞ்சினை எடுத்து உங்களை நான் வைச்சிருக்க ஏலாது. உங்கட அப்பா வந்து வலை எங்க எண்டு கேட்டா, என்ன சொல்லுவீங்கள்?”

அவன் வலையைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“அண்டைக்கு நான் கேட்டது பிழை. நீங்கள் கழுவாம விட்டிருந்தா எப்பவோ எஞ்சினை வெண்டிருப்பீங்கள். என்னாலதான் போச்சு. மன்னியுங்கோ...”

“மண் எண்டு நீங்கள் சொன்னது கூட நோகேல்ல. உங்கட கண்ணில நான் கள்ளனாத் தெரிஞ்சதுதான் நொந்தது. இண்டைக்கு உண்மையாவே கள்ளனா வந்து நிக்கிறன்.”

அவள் எழுந்து வந்து வலையின் ஒரு நுனியைப் பிடித்தாள். அவன் மறு நுனியைப் பிடித்தான். சிக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே... இருவருமாக மடிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் ஓரடி கிட்ட வந்தார்கள். கடைசி மடிப்பில் அவனுடைய கை அவள் கையில் பட்டது. இருவரும் எடுக்கவில்லை.

“அப்ப நான் போறதுதான், என்ன?”

“ஓம்.”

“ரெண்டு வருசம் பிரஷாந்தி. காத்திருங்கோ எண்டு கேக்க என்னட்ட ஒண்டுமில்லை. உங்களில விருப்பம் மட்டும்தான் இருக்கு. அதைச் சொல்லாமப் போனா அங்க நான் மனுசனா இருக்க மாட்டன்.”

அவள் அழுதாள். துடைக்கவும் தோன்றவில்லை.

“போகாதேங்கோ எண்டு சொல்லத்தான் வாய் வருது... அந்த வழியை நானே அடைச்சுப் போட்டன். எனக்கு உங்களை விருப்பம் ஜெகதீபன். சரியான விருப்பம். இதையாவது கொண்டு போங்கோ.”