நான்கு திருகுகளில் சிவப்புக் கோடு

மதியம் 2.05. ஒரகடம் தொழிற்சாலையின் கூட்ட அறையில் முதலீட்டாளர் பிரசன்னா சுவிட்சைத் தட்டினார். செல்போன் கோபுரத்தில் மாட்டும் அந்தப் பெட்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லை. பங்குதாரர்கள் ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காலையெல்லாம் அங்கே வாய்ச்சண்டை. எந்தக் கம்பெனியின் பெட்டியும் எதனோடும் சேரும் திறந்த முறைக்குப் பணம் போட வேண்டும் என்றார் பிரசன்னா. எல்லாவற்றையும் ஒரே கம்பெனியிடம் வாங்கும் முறைதான் நம்பகமானது என்றார் எதிரணிப் பங்குதாரர் செந்தமிழன். பெட்டி வேலை செய்தால் பிரசன்னாவுக்கு வெற்றி. இப்போது மானம் கப்பலேறிவிட்டது.

2.50. இன்ஸ்பெக்டர் எழிலரசி பெட்டியைக் குனிந்து பார்த்தார். மூடியின் நான்கு திருகுகள்மீதும் மெல்லிய சிவப்புக் கோடு. மூடியைக் கழற்றியபோது, உள்ளே வயர் நறுக்கப்பட்டிருந்தது.

காலைச் சோதனையில் பெட்டி நன்றாக வேலை செய்திருந்தது. அதன்பின் சாப்பாட்டு இடைவேளையில் மூன்று பேர்தான் தனித்தனியே உள்ளே வந்ததாக வாசல் கேமரா காட்டியது: பெட்டியைச் செய்த இன்ஜினியர் ஷாரோன், மறந்த கண்ணாடியை எடுக்க வந்த செந்தமிழன், தேநீர் வைத்த கேன்டீன் பாஞ்சாலி.

"ஷாரோனை அரெஸ்ட் பண்ணுங்க. கட்டர், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் இந்த ரூம்ல அவ டேபிள்லதான் இருக்கு," என்றார் பிரசன்னா. பணக்காரருக்குக் கோபம் வந்தால் கைக்கு எட்டும் கழுத்துதான் முதலில் கண்ணில் படும். ஷாரோன் அழுதாள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

"இந்தக் கோடு நீ போட்டதா?"

"இல்ல மேடம். இங்க ஸ்க்ரூவெல்லாம் மெஷினே டைட் பண்ணிடும். யாரும் கோடு போட மாட்டாங்க."

செந்தமிழன் கையை விரித்தார். "கண்ணாடிய எடுத்தேன், போயிட்டேன்."

"நான் இன்னாத்த கண்டேன் மேடம்," என்றாள் பாஞ்சாலி. "டீ குடுக்கறவ. இந்த மாதிரி பொட்டியத் தொட்டதே இல்ல." அவள் நீட்டிய, சர்க்கரையில்லாத தேநீர் இருந்த பிளாஸ்க்கில் அடையாளத்துக்குச் சிவப்பு மார்க்கரால் வட்டம் போட்டிருந்தது. எழிலரசி தேநீரை நிதானமாகக் குடித்தார்.

4.10. மூவரையும் ஆளுக்கு ஒரு திருகு முடுக்கச் சொன்னார். ஷாரோன் முடுக்கிவிட்டு நகர்ந்தாள். செந்தமிழனுக்கு ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது. பாஞ்சாலி முதலில் தடுமாறினாள். திருகு இறுகியதும் அவள் கை தானாக ஏப்ரன் பைக்குப் போய், பாதியில் நின்றது.

"மார்க்கரைத் தேடுறியா பாஞ்சாலி?" என்றார் எழிலரசி. "அந்தக் காலத்து அசெம்பிளி லைன்ல டைட் பண்ண ஸ்க்ரூவுக்கு உடனே கோடு போடணும். இல்லேன்னா சூப்பர்வைசர் பெட்டிய திருப்பி அனுப்பிடுவான். எங்க அக்கா அப்படித்தான் ஆறு வருஷம் வேலை பார்த்தா. நீ எந்தக் கம்பெனி?"

பாஞ்சாலி மறைக்கவில்லை.

"வைமேக்ஸ்னு அப்போ ஒரு வயர்லெஸ் நெட்டு இருந்துச்சே, அதுக்குப் பொட்டி செஞ்ச கம்பெனி. நானும் என் வூட்டுக்காரரும் ஒரே லைன். அதுக்குத் துட்டு போட்டவரு இந்த பிரசன்னா சாருதான். ஒரு மீட்டிங்ல, அதுக்குப் போட்டியா வந்த எல்டிஇ தான் ஜெயிக்கும்னு எழுந்து போயிட்டாரு. அடுத்த வாரமே கேட்டை மூடிட்டாங்க. எங்க வூட்டுக்காரரு தகடு அமுக்குற பிரஸ் ஷாப்புக்கு வேலைக்குப் போனாரு. மெஷின்ல வலது கை பூடுச்சு. பன்னெண்டு வருசமா நான்தான் சோறு ஊட்டிகினு கீறேன்."

"வெட்டினதும் ஏன் பூட்டி வச்ச?"

"எல்லாரும் பாக்கச்சொல்ல இவரே சுவிட்சு போட்டு அசிங்கப்படணும். அதுக்குத்தான். கோடு நான் போடல மேடம், கை போட்டுச்சு."

பிரசன்னா நெற்றியைச் சுருக்கினார். "எந்தக் கம்பெனியைச் சொல்றா இவ?" அவருக்கு உண்மையாகவே நினைவில்லை.

பாஞ்சாலி ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தாள்.

"இனிமே மறக்க மாட்டாரு. போலாம் மேடம்."