பூட்டி வைத்த சூடு

“யோகன், காரை எடு. அப்டன் பார்க்கிலை சின்னம்மாவின்ர மகள் வீட்டிலை என்னைக் கொண்டுபோய் விடு. இந்தக் குளிரிலை கிடந்து சாக என்னாலை ஏலாது.”

மாலினி விடிந்ததும் விடியாததுமாகச் சூட்கேஸை மூடிக்கொண்டு படிக்கட்டின் அடியில் வந்து நின்றாள். அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த யோகனின் மனைவி கோதை பயந்துபோய் எட்டிப் பார்த்தாள்.

மாலினி யோகராஜாவின் அக்கா. தாயில்லாத தம்பியைப் பாரிஸில் ஹோட்டல் ஹோட்டலாகக் கழுவித் துடைத்த காசில் படிப்பித்து ஆளாக்கியவள்; அதற்காகவே தன் கலியாணத்தையும் விட்டவள். மூச்சிழுப்பு வருத்தத்தோடு போன குளிர்காலத்தில்தான் தம்பியிடம் லண்டன் இல்ஃபோர்ட்டுக்கு வந்து சேர்ந்தாள். வீட்டைச் சூடாக்கிய பழைய காஸ் பொயிலரோ அப்போதே சாகக் கிடந்தது. இரவும் பகலும் ஒரே அளவாய்ச் சூடு தரும், மச்சாளின் நெஞ்சுக்கு நல்லது, வெளிக்காற்றிலிருந்து சூடெடுக்கிற ஹீட் பம்ப் போடுவோம் என்று ஒற்றைக்காலில் நின்றவள் கோதை. அரசாங்க மானியம் போக மிச்சத்துக்குத் தான் கட்டிவந்த சீட்டையும் எடுத்துக் கொடுத்தாள். நல்லதுக்குக் காலமில்லை என்று சும்மாவா சொன்னார்கள்? குளிர் தொடங்கியதிலிருந்து அந்தப் பம்ப் ஓடுவதும் நிற்பதுமாக உயிரை வாங்கியது.

“கொஞ்சம் பொறுங்கோ அக்கா. பம்ப் பாக்க இண்டைக்கு ஆக்கள் வருகினம்,” என்றான் யோகராஜா.

“பொறுத்தது காணும். வெளியிலை போ எண்டு வாயாலை சொல்லப் பயம். அதுதான் மெஷினாலை சொல்லுறாள் உன்ர மனுசி.”

கோதையின் கண் நிறைந்தது. “மச்சாள், அப்பிடிச் சொல்லாதேங்கோ…”

“நீ கதையாதை,” என்று யோகராஜா அவள் மேல் பாய்ந்தான். “எங்கட அறையும்தான் ஐஸ்பெட்டி மாதிரிக் கிடக்கு. அக்கா இந்த வீட்டை விட்டுப் போனால் பிறகு எனக்கு இஞ்சை என்ன இருக்கு?”

கட்டினவளை முன்னால் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா அது! இதையும் விழுங்கிக்கொண்டு கோதை தேத்தண்ணியை மச்சாளிடம் நீட்டினாள்.

பம்ப் பார்க்க வந்தவள் அஜித்தா, கிங்ஸ்பரியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. பின்வளவில் நின்ற மெஷினைப் பார்த்தாள். மாடிக்கும் கீழுக்கும் ஒரு தரம் நடந்தாள். பிறகு மூன்று பேருக்கும் முன்னால் வந்து நின்றாள்.

“மெஷினிலை ஒரு பிழையும் இல்லை, அன்ரி. தண்ணி ஓட்டம் காணாமல்தான் நிக்குது. அறையறையாய்ச் சுடுதண்ணி ஓடுற ரேடியேட்டர் வால்வையெல்லாம் ஆர் பூட்டினது?”

கோதை தலையைக் குனிந்தாள். “நான்தான். எங்கட அறை… முன்னறை… அடுப்படி…”

“கேட்டியோ யோகன்? உவள்தான் பூட்டினவளாம்,” என்றாள் மாலினி. “நான் சொன்னன், நீ நம்பேல்லை.”

யோகராஜாவின் முகம் கறுத்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் கோதை.

“ஆனால் உங்கட அறை முழுக்கத் திறந்திருக்கு, அன்ரி,” என்றாள் அஜித்தா மாலினியிடம். “இந்த வீட்டிலை அது மட்டும்தான் திறந்திருக்கு.”

யோகராஜா கோதையைத் திரும்பிப் பார்த்தான்.

“மற்றதைப் பூட்டினால் அந்தச் சூடெல்லாம் மச்சாளின்ர அறைக்குப் போகும் எண்டு நினைச்சன்,” என்றாள் கோதை. “இரவிலை அவவுக்கு இழுக்கிற சத்தம் சுவருக்காலை கேக்கும். எனக்கு நித்திரை வராது…”

“அப்பிடிப் போகாது அன்ரி. தண்ணி எல்லா அறையையும் சுத்தி வரவேணும். ஓட இடமில்லையெண்டால் பம்ப் தானாய் நிண்டுடும். ஒராளுக்கு மட்டும் சூடு குடுக்க இதாலை ஏலாது.”

மாலினி படியேறினாள். மூச்சு வாங்க வாங்க ஏறினாள். கோதை பயந்துபோய்ப் பின்னால் ஓடினாள். தம்பியின் அறையில் ரேடியேட்டர் பச்சைத்தண்ணியாய்க் குளிர்ந்து கிடந்தது. கட்டிலில் கோதை படுக்கிற பக்கம், போர்வைக்கு மேல் அவளுடைய வேலைக் கோட்டும் பழைய ஸ்வெட்டர்களும் விரித்துக் கிடந்தன. அவற்றைத் தொட்டுப் பார்த்த மாலினி கட்டிலில் உட்கார்ந்தாள்.

“தனக்கு மிஞ்சித்தானேயடி தானம்! உன்னை ஆர் இப்பிடிக் கிடக்கச் சொன்னது? இவனுக்காக நான் பாரிஸிலை குளிருக்கை கிடந்தது போதாதே? எனக்காக நீயும் கிடக்கவேணுமே?” கோதையை இழுத்துக் கட்டிக்கொண்டாள். “என்ர வாய் அழுகிப் போகும்… என்னவெல்லாம் சொல்லிப்போட்டன் உன்னை…”

இத்தனை நாளும் சத்தமில்லாமல் அழுது பழகிய கோதை, அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள்.

வாசலில் வந்து நின்ற யோகராஜா, “கோதை, நான் காலமை சொன்னது…” என்று தொடங்கினான்.

“நீ பேசாமல் நில்லடா. பிறகு அவளின்ர காலிலை விழு,” என்றாள் அக்கா.

பின்னால் ஏறிவந்த அஜித்தா குனிந்து ரேடியேட்டர் வால்வைத் திறந்துவிட்டாள். “சூடு மெல்லத்தான் ஏறும். இனி ஒருத்தரும் ஒண்டையும் பூட்டக்கூடாது.”

கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மச்சாளின்ர அறையிலை சூடு குறைஞ்சிடாதோ, பிள்ளை?” என்றாள்.

மாலினி அவளை விடாமலே தம்பியைப் பார்த்தாள்.

“பார்த்தியோ, திருப்பியும் தொடங்கிட்டாள். இவளுக்கு ஒராள் காவல் இருக்கவேணும். நான் ஒரு இடமும் போகேல்லை.”