புத்தகத்துக்கும் பாடு உண்டு

கெங்கம்மாளுக்கு டீச்சர் ஆக வேண்டும் என்று கொள்ளை ஆசை. பாடம் கேட்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. அதனால் சாயங்காலமானால் ஏரிக்கரைக்குப் போய், கவிழ்த்து வைத்திருக்கும் படகுகளுக்கு அட்டெண்டன்ஸ் எடுப்பாள். "உள்ளேன் டீச்சர்" என்று படகுகளுக்காக அவளே குரலை மாற்றி மாற்றிப் பதிலும் சொல்வாள். மீன் பிடிக்கப் போன படகு அன்றைக்கு ஆப்சென்ட்.

அவளுக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. அது கதை. குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பாக்கியநாதன் சார் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரே ஒரு கதைப் புத்தகம் வாங்கி வந்திருந்தார். கிணற்றில் விழுந்த ஆமையின் கதை. கெங்கா பாதிதான் படித்திருந்தாள். ஆமை மேலே வந்ததா, இல்லையா? அது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குள் முனுசாமியும் துளசிராமனும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து அட்டையைக் கிழித்துவிட்டார்கள். சாருக்கு வந்ததே கோபம்! இன்னும் ஒரு சண்டை நடந்தால் புத்தகம் வந்த வழியே திரும்பிப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்.

கெங்கா எழுந்து நின்றாள். "பாடு போட்டுக்கலாம் சார்."

சார் வெளியூர்க்காரர், விழித்தார். பிள்ளைகளுக்குப் புரிந்தது. ஏரியில் மீன் நன்றாக விழும் இடத்துக்குப் பாடு என்று பெயர். அங்கே வலை போட எல்லோருக்கும்தான் ஆசை. அதனால் சீட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்கும் பாடு என்றுதான் பெயர். ஒருவருடைய பாடு நாளில் இன்னொருவர் வலை இறங்காது.

"பொண்ணுங்களுக்கு ஏது பாடு?" என்றான் முனுசாமி.

"அந்த மீன தூக்கிக்கினு போயி விக்கிறது யாருடா?" என்று கேட்டாள் கெங்கா. முனுசாமியின் அம்மா அன்று காலையில்தான் மீன்கூடையோடு பஸ் ஏறியிருந்தாள். சீட்டுக்குக் காகிதம் கிழித்துக் கொடுத்தது அவன்தான்.

கதை படிக்கும் வயதில் அங்கே ஏழு பேர். சாரும் சரி என்று தலையாட்ட, சீட்டுக் குலுக்கினார்கள். முதல் நாள் சின்னப்பொண்ணுக்கு. கடைசி நாள் யாருக்கு? கெங்காவுக்கேதான். யோசனை சொன்னவளுக்கு இந்தக் கதி!

சாயங்காலம் ஏரிக்கரையில் கெங்கா இருந்த படகடிக்குச் சின்னப்பொண்ணு வந்து புத்தகத்தை நீட்டினாள். "நீயே வச்சிக்கோக்கா. எனக்கு சரியா படிக்க வராது. யாராண்டையும் சொல்லாத."

கெங்காவின் கை தானாக நீண்டது. கடைசிப் பக்கத்தை ஒரு தடவை புரட்டினால் போதும், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் சின்னப்பொண்ணு தலையைக் குனிந்துகொண்டு நின்றதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு உன் பாடுடி. நீதான் படிக்கணும். நான் பக்கத்துல குந்திக்கினு இருக்கேன்."

சின்னப்பொண்ணு விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். ஒரு வரி முடிய ஒரு யுகம் ஆயிற்று. கெங்காவுக்கு அடுத்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நிற்கும், விழுங்கிக்கொள்வாள். பொழுது சாயும்போது ஒரு பக்கம் முடிந்தது. தானே படித்துவிட்டோம் என்று சின்னப்பொண்ணு குதித்தாள்.

மறுநாள் பாடு துளசிராமனுக்கு. அவனுக்கும் நாலைந்து எழுத்து தகராறு. அவனும் படகடிக்கே வந்தான். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். விட்ட இடத்திலிருந்து ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். சண்டை போட யாருக்கும் நேரமில்லை. ஆமை மட்டும் இன்னும் கிணற்றுக்குள்ளேயே இருந்தது.

ஏழாம் நாள் கெங்காவின் பாடு. மிச்சம் இரண்டே பக்கம். ஆறு பேரும் அவளுக்கு முன்பே வந்து மணலில் உட்கார்ந்திருந்தார்கள். கெங்கா புத்தகத்தை உடனே பிரிக்கவில்லை. வழக்கப்படி முதலில் அட்டெண்டன்ஸ்.

"சின்னப்பொண்ணு."

"உள்ளேன் டீச்சர்."

இந்தத் தடவை குரலை மாற்றிப் பதில் சொல்லும் வேலை கெங்காவுக்கு இல்லை. அடுத்த பெயரை இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். ஆறு பேரும் உள்ளேன் சொன்ன பிறகுதான் ஆமை கிணற்றை விட்டு மேலே வந்தது.