பின்கேட்டுக்கு வெளியே

ஒரு மாத விடுப்பு முடிந்து காசிராஜன் ஒரகடத்துக்குத் திரும்பியபோது, கம்பெனியின் அதே பின்கேட்டில்தான் டியூட்டி போட்டிருந்தார்கள். வேண்டாமென்று கெஞ்சிப் பார்த்தார். செக்யூரிட்டி சூப்பர்வைசர் தணிகாசலம் மசியவில்லை.

எமனே வந்தாலும் காசிராஜன் கேட் பாஸ் கேட்டு, நோட்டில் கையெழுத்து வாங்கித்தான் உள்ளே விடுவார் என்று கேண்டீனில் கேலி செய்வார்கள். முன்பெல்லாம் அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. போன மாதம் கம்பெனிக்குப் பின்னால் ஏரிக்கரையில் பயணிகள் விமானம் விழுந்தது. வடக்குப்பட்டு கிராமத்தைச் சுற்றிப் போனால் நேரமாகும் என்று ஆம்புலன்சுகள் கம்பெனிக்குள் புகுந்து இந்தக் கேட்டுக்குத்தான் வந்தன. மேனேஜர் சொல்லாமல் பின்கேட்டைத் திறக்கக் கூடாது. மேனேஜரோ மீட்டிங்கில் இருந்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காசிராஜன் நாற்பது நிமிடம் அவருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார்.

அத்தனை நேரமும் வெளியிலிருந்து யாரோ தகரக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். திறந்தபோது தட்டல் நின்றிருந்தது. கேட்டை ஒட்டிப் பதினோரு பேர் கருகிச் செத்துக் கிடந்தார்கள். பாவி, பாவி என்று அன்றிலிருந்து அவர் மனசே அவரைத் தின்கிறது.

சாயங்காலம் நாலரை மணி. தூறல். முதலில், விமானம் விழுந்த அன்று அடித்த அதே மண்ணெண்ணெய் வாடை வந்தது. ஏரிப் பக்கம் தவளைகள் சட்டென்று அடங்கின.

டொக்.

காசிராஜன் மூச்சை அடக்கினார்.

டொக். டொக்.

வாக்கிடாக்கியை எடுத்துத் தணிகாசலத்தைக் கூப்பிட்டார். "பின்னாடி ஏரிதான் கீது, யாரு வந்து தட்டப் போறாங்க? பேசாம குந்து காசி" என்றார் அவர்.

தட்டல் பலத்தது. ஒரு கை அல்ல, பல கைகள். அந்தத் தூறலிலும் தகரம் தொட முடியாமல் கொதித்தது. இன்னொரு தடவை இவர்களை வெளியே நிறுத்தினால் இந்த ஜென்மத்தில் தனக்குத் தூக்கம் கிடையாது என்று தோன்றியது. வேலை போனால் போகட்டும். பூட்டைத் திறந்து கதவை இழுத்தார்.

வெளியே கருகிய புல்லும் ஏரித் தண்ணீரும்தான். ஆளில்லை.

"மன்னிச்சிருங்க சாமிகளா... உள்ள வாங்க" என்று வெறும் வெளியைப் பார்த்துக் கும்பிட்டு அழுதார். நெஞ்சுப் பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

வாக்கிடாக்கி கரகரத்தது. கேமரா அறையில் இருக்கும் சசிகலா.

"அண்ணே, இன்னா இத்தினி பேர உள்ள வுட்டுகினு கீறீங்க?" அவள் குரல் தாழ்ந்தது. "ஏன் எல்லாரும் உங்களையே சுத்தி நிக்கிறாங்க?"

காசிராஜன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

பிடரியில் அனல் மூச்சு பட்டது. ரொம்ப மரியாதையாக ஒரு பெண்குரல் கேட்டது.

"நாங்க எங்கய்யா கையெழுத்துப் போடணும்?"