பாட்டு நிற்கும் இடம்

“எங்க அண்ணன் பேர்ல வேற யாரோ கேம் விளையாடுறாங்க நானா. அண்ணன் உயிரோட இல்லையோன்னு பயமா இருக்கு.”

கொட்டகலை பஜாரில் ஃபோன் பழுது பார்க்கும் இஸ்ஸதீன் நானா திருப்புளியைக் கீழே வைத்தார். எதிரில் மழையில் நனைந்து நின்றவள் சுலக்ஷனா. அப்பா, அம்மா இல்லை. ஒரே அண்ணன் கஜேந்திரனும் ஜப்பானுக்கு வேலைக்குப் போன பிறகு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள்.

“அண்ணன் ஃபோனை எவனோ திருடியிருப்பான், அவன் வேலைதான்!” என்றாள் அசீசா. இஸ்ஸதீனின் மனைவி; எந்த வழக்கையும் கேட்ட நிமிடமே முடித்துவிடுவாள்.

“கொஞ்சம் பொறு புள்ள. தங்கச்சி, நீ சொல்லு.”

பறக்கும் படகு பற்றிய ஜப்பானிய அனிமே கார்ட்டூன் ஒன்று. அண்ணனுக்கும் தங்கைக்கும் அதுதான் உயிர். அதன் பாட்டை வைத்து ஒரு விளையாட்டும் வந்திருந்தது. இருவர் ஜோடியாக ஆட வேண்டும். இருவர் மைக்கும் திறந்திருக்க வேண்டும். தாளத்துக்குத் திரையைத் தட்டிக்கொண்டே போனால், நடுவில் பாட்டு சட்டென்று நிற்கும். அந்த இடத்தில் இருவரும் “ஏறு!” என்று கத்துவார்கள். அடுத்த நொடி பாட்டு மறுபடி கிளம்பும்.

“போனதுல இருந்து அவன் கத்துறதே இல்ல, கால் பண்ணினாலும் எடுக்கிறதில்ல. கேட்டா, ரூம்ல ஆளுங்க தூங்குறாங்கன்னு எழுதுறான். நான் மட்டும் பைத்தியக்காரி மாதிரி கத்துறேன். அவன் சத்தத்தைக் கேட்டு எத்தனை மாசமாச்சு!” சுலக்ஷனாவின் கண் கலங்கியது.

“இப்போ ஆன்லைன்ல இருக்கானா?” என்று கேட்டார் இஸ்ஸதீன். அவள் தலையசைத்தாள். “சரி, விளையாடு. ஆனா அந்த இடத்துல நீயும் கத்தாத. அசீசா, உனக்கும்தான் சொல்றேன்.”

ஆட்டம் தொடங்கியது. பாட்டு நின்றது. சுலக்ஷனா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த ஒரு நொடி அமைதிக்குள், ஃபோனின் மறுமுனையில் தூரத்தில் யாரோ கூவினார்கள்: “நோர்வூட், பொகவந்தலாவ!” பாட்டு மறுபடி எழுந்து அதை மூடிக்கொண்டது. அதுவரை தவறாத மறுமுனை விரல், வரிசையாக நாலைந்து தாளத்தைக் கோட்டைவிட்டது.

“அல்லாஹ்! அது பஸ் கண்டக்டர்!” என்று துள்ளினாள் அசீசா.

“ஆமா. அந்த ஊர்களுக்கு பஸ் எடுக்கிறது பக்கத்துல ஹட்டன் பஸ் ஸ்டாண்ட்லதான். தங்கச்சி, இவ்வளவு நாளும் நீ கத்தின சத்தத்துல இது உனக்குக் கேட்கல.”

“அப்போ விளையாடுறது திருடன்தானா நானா?”

“திருடனுக்கு நீ கத்தினா என்ன, கத்தாட்டி என்ன? இவன் கை ஏன் தடுமாறுச்சு? உன் சத்தத்துக்காகக் காத்துக்கிட்டு இருந்தான். அது வரலன்னதும் பயந்துட்டான். இது உங்க அண்ணன்தாம்மா.”

அவள் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினாள். பாட்டு நின்றதும் சொன்னாள்: “அண்ணே, ஹட்டன்லதானே இருக்க?”

இரண்டு பேருமே திரையைத் தட்டவில்லை. ஆட்டம் தோற்று முடிந்தது. திறந்திருந்த மைக்கில் முதலில் ஒரு விம்மல் கேட்டது.

“ஏஜென்ட்டு குடுத்த விசா பொய்யாம் தங்கச்சி. கட்டுநாயக்கா ஏர்போர்ட்லயே திருப்பிட்டாங்க. லயமே கோயில்ல பூசை வச்சு, மாலை போட்டு, வேன்ல ஏத்தி அனுப்புச்சே. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவேன்? இங்க பஸ் ஸ்டாண்ட்ல ஒரு கடையில பாத்திரம் கழுவுறேன்.”

“பாவி! இந்தா இருக்கிற ஹட்டன்ல இருந்துக்கிட்டா என்னை இப்படித் தனியா அழ விட்ட?”

“கோவிக்காதம்மா. இருட்டினதும் வாரேன். யாரும் பார்க்க மாட்டாங்க.”

சுலக்ஷனா முகத்தைத் துடைத்துக்கொண்டு குடையை எடுத்தாள்.

“வேணாம். அங்கேயே நில்லு, நான் வாரேன். வெளிச்சம் இருக்கும்போதே ரெண்டு பேரும் லயத்து முன்னால நடந்து போவோம்.”