ஒரு தலைக்கு ஒரு நூல்

புத்தகம் வாங்கப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்பது தென்முனை நகரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஜெபராணி முந்தின நாள் மாலையோடு சாப்பாட்டை நிறுத்தியிருந்தாள். தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல், நிலவின் தரைக்கு அடியில் ஓடிய வீதிகளில் நடந்து, நூலேற்றகம் திறந்ததுமே போய் நின்றாள்.

காதுக்குப் பின்னால் பதித்த சில்லின் வழியே நூலை நேராக நினைவில் இறக்கிவிடும் இடம் அது. சமையல், தையல் என்றால் எத்தனை நூல் வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். சட்டம் மட்டும் ஒரு தலைக்கு ஒன்றுதான். இரண்டை ஏற்றினால், இரண்டும் உள்ளேயே ஒன்றையொன்று மறுத்துப் பேசி ஆளைத் தூங்கவிடாது. ஏற்றியதைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை.

"வாங்கக்கா, என்ன பாடம்?" என்றது கடை இயந்திரன். உருண்ட முதுகு பச்சையாக மின்னுவதால் ஊருக்கெல்லாம் அது பொன்வண்டு.

"ஒப்பந்தச் சட்டம்."

"வக்கீலாகப் போறீங்களா?"

"என் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரப் போறேன்."

அவள் கணவர் எபனேசர், பூமிக்குப் பக்கத்தில் இழுத்து நிறுத்தியிருந்த ஒரு சிறுகோளில் சுரங்க வேலைக்குப் போனவர். ஒப்பந்தம் முடிந்து புறப்பட வேண்டிய மாதத்தில், குடிநீர்க் குழாயின் திரையில் புதிய நிபந்தனைகள் மளமளவென்று ஓடின. 'சம்மதம்' என்பதைத் தொட்டால்தான் தண்ணீர். தாகத்தில் தொட்டார், குடித்தார். வேலைக்காலம் இன்னும் பத்து வருடம் நீண்டுவிட்டது. கணவருக்காக மனைவி வாதாடலாம் என்றது நகரத்துச் சட்டம். ஆனால் ஒப்பந்தச் சட்ட நூல் ஒன்று அவள் தலையில் இருக்க வேண்டும்.

"இருக்கிறதிலேயே பெரிய புத்தகமா ஏத்திடு" என்றாள்.

பொன்வண்டு ஏற்றுக்குழலைத் தொடவில்லை. "கம்பெனி வக்கீல் தலையிலயும் அதுதான்கா இருக்கும். உள்ளே முழுக்கத் தீர்ப்புகள். போன மாசம் ஏத்திட்டுப் போனவர்கிட்ட வீட்டில காப்பியா டீயான்னு கேட்டா, காப்பிக்கு ஆதரவா, டீக்கு ஆதரவான்னு ரெண்டு தரப்புத் தீர்ப்பையும் சொல்லி முடிக்கிறாராம். அதுக்குள்ள ரெண்டும் ஆறிப்போகுதாம்."

"அப்ப இந்தச் சின்னது? 'வெற்றி உறுதி'ன்னு போட்டிருக்கே."

"உறுதிதான். ரெண்டு மதிப்பெண் கேள்வி, அஞ்சு மதிப்பெண் கேள்வின்னு பிரிச்சுக் கேட்டா வாய் தானா பதில் சொல்லும். வழக்கை விசாரிக்கிற நடுவர் அம்மா அப்படியா கேப்பாங்க?"

ஜெபராணிக்கு அழுகை வந்துவிட்டது. "நான் தையல்காரி. எனக்கு என்ன தெரியும்? நீதான் சொல்லேன்!"

"நான் சொன்னா அது என் தலைக்குப் பொருந்துற புத்தகமாத்தான் இருக்கும்" என்ற பொன்வண்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டது. "வாக்குக் கொடுத்தா எப்போ அது நம்மைக் கட்டும்? ஒவ்வொரு புத்தகத்திலும் அந்த ஒரு பாடத்தைத் திரையில போடுறேன். கண்ணால படிங்க. படிச்சதை எனக்குச் சொல்லுங்க."

கண்ணால் படித்து அவளுக்கு வெகுகாலம் ஆகியிருந்தது. பெரிய நூலின் பாடத்தை மூன்று முறை படித்தும் சொல்ல ஒரு வரிகூட வரவில்லை. சின்ன நூலை அப்படியே ஒப்பித்தாள். "ஏன் அப்படி?" என்று பொன்வண்டு கேட்டதும் அதையே மறுபடி ஒப்பித்தாள். பிறகு வந்தவற்றில் சில புரியவில்லை. ஒன்று கொட்டாவி வரவழைத்தது.

கடைசித் தட்டிலிருந்து வந்தது, யாரோ ஒரு கல்லூரி ஆசிரியர் தம் மாணவர்களுக்காக எழுதிய நூல். யாரும் கேட்டு வாங்காதது. படித்து முடித்து நிமிர்ந்த ஜெபராணி தானாகவே பேச ஆரம்பித்தாள்.

"இதானே! துணியையே கண்ணில காட்டாம, 'ரவிக்கை தைக்கச் சரின்னு சொல்லு, அப்பதான் கதவைத் திறப்பேன்'னா, அந்தச் சரி ஒரு சரியா?"

"இதுதான் உங்க புத்தகம்" என்றது பொன்வண்டு.

அதை ஏற்றி முடித்தபோது கடை மூடும் நேரம் தாண்டியிருந்தது. அன்று முழுவதும் வேறு யாருக்கும் அது நூல் ஏற்றவில்லை என்பதை அப்போதுதான் அவள் கவனித்தாள். "உனக்கு நான் என்ன செய்யப் போறேன்?"

"ஜெயிச்சிட்டு வந்து சொல்லுங்க. அதுக்கு முன்னாடி ஏதாவது சாப்பிடுங்க."

வழக்கு ஒரே அமர்வில் முடிந்தது. கம்பெனி வக்கீல் தீர்ப்பு மேல் தீர்ப்பாக அடுக்கினார். ஜெபராணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அம்மா, அந்தத் திரையை இங்கே ஓடவிடச் சொல்லுங்க. நீங்க படிச்சு முடிச்சா, நான் வழக்கை விட்டுடறேன்."

ஓடவிட்டார்கள். நடுவர் கண்ணாடியை மாட்டுவதற்குள் திரை வெறுமையானது. அங்கேயே தீர்ப்புச் சொன்னார். படிக்காத சம்மதம் சம்மதமே இல்லை. எபனேசரை விடுவிக்க வேண்டும். இனி எந்த ஒப்பந்தமானாலும், முழுவதும் படித்துவிட்டதாக ஆள் தன் வாயால் சொன்ன பிறகே கையெழுத்து வாங்க வேண்டும்.

கணவர் புறப்படும் நாளில் ஜெபராணி நூலேற்றகத்துக்கு ஓடினாள். என்ன பரிசு தருவதென்று தெரியாமல், முந்தானையால் பொன்வண்டின் முதுகைத் துடைத்துப் பளபளப்பாக்கினாள். "நீ மட்டும் அன்னைக்கு அவசரப்பட்டிருந்தா..." என்றாள்.

அப்போது எபனேசரின் அழைப்பு வந்தது.

"ராணி, கப்பல்கிட்டதான் நிக்கிறேன். உள்ளே விடமாட்டேங்குது. பயண ஒப்பந்தம் ஆயிரத்துச் சொச்சம் பக்கம். முழுக்கப் படிச்சேன்னு சொல்லணுமாம். உன் தீர்ப்புதானாம்."

"கப்பல் எப்போ?"

"கதவை மூடப்போறாங்க. அடுத்த கப்பல் அடுத்த வருஷம்தான். நீதானே சட்டம் படிச்சவ, சொல்லு, என்ன பண்ணட்டும்?"

ஜெபராணி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"படிச்சிட்டேன்னு சொல்லிட்டு ஏறுங்க!"

பொன்வண்டு நாகரிகமாக அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டது. எபனேசர் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு கதவு திறக்கும் ஓசை. அதற்குப் பின்னால் கப்பலின் கனிவான குரல்:

"பொறுமையாக முழுவதும் படித்தமைக்கு மிக்க நன்றி, ஐயா."