கொஞ்சம் திரும்புங்க

மீன் தொழிற்சாலை வாசலில் கார் வந்து நின்றது. முதலில் சென்ட் வாசனை இறங்கியது, பிறகுதான் மாப்பிள்ளை இறங்கினார். மீன் வெட்டுகிற இடத்துக்கு சென்ட் பூசிக்கொண்டு வருகிற ஒரே ஆள் அவர்தான். அந்த நாற்றத்துக்கு முன்னால் சென்ட் எம்மாத்திரம்? ஆனால் அதை அவரிடம் யார் போய்ச் சொல்வது?

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். முதலாளியின் மூத்த மகளைக் கட்டிக்கொண்ட நாள் முதல் தொழிற்சாலை முழுக்க அவர் 'மாப்பிள்ளை சார்'தான். சாப்பாடு மாமனார் வீட்டில், கார் மாமனார் கொடுத்தது, உட்கார்ந்திருக்கிற நாற்காலியும் மாமனார் போட்டுக்கொடுத்தது. முறுக்கு மட்டும் சொந்தம். மற்றவர்களுக்கெல்லாம் கல்யாணமான ஒரு வருடத்தில் இறங்கிவிடுகிற மாப்பிள்ளை முறுக்கு, இவருக்குக் கழுத்திலேயே தங்கிவிட்டது. வேலை செய்கிறவர்கள் பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். கூப்பிட்டவர்தான் சுற்றிக்கொண்டு வந்து முன்னால் நிற்க வேண்டும்.

நிறுத்தி வைத்திருந்த மெஷினை மறுபடி ஓட்டுகிற நாள் அன்று. மாமனார், மீன் வாங்குகிற பெரிய ஆட்களைக் கூட்டிக்கொண்டு பார்க்க வருகிறார். மெஷின் ஒழுங்காக ஓடினால் நாற்காலி இவருக்கு, இல்லாவிட்டால் இளைய மாப்பிள்ளைக்கு. மாமனார் இதைச் சாப்பாட்டு மேஜையில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நம்மவருக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

மெஷின் இதுதான்: சாய்வான ஓர் எஃகுத் தட்டு, விடாமல் நடுங்கும். மீனை எப்படிக் கொட்டினாலும் குலுங்கிக் குலுங்கிக் கீழே வருவதற்குள் தலை முன்னால் வந்துவிடும். மந்திரம் ஒன்றும் இல்லை. மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் கை வழுக்கும், வாலிலிருந்து தலைக்குத் தடவினால் செதில் பிடித்து இழுக்கும். அதனால் நடுங்குகிற தட்டில் மீனுக்கு ஒரே வழிதான், தலை முன்னால். தட்டின் முடிவில் வட்டக் கத்தி சுழன்றுகொண்டிருக்கும். வந்த தலையைச் சீவிவிடும். இதை ஏதோ தானே கண்டுபிடித்தது மாதிரி மாப்பிள்ளை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மெஷின் வருவதற்கு முன்னால் அந்த வேலையைச் செய்தவள் ஓர் அக்கா. இரண்டு விரல் செவுளுக்குள், கட்டைவிரல் தாடைக்கு அடியில், ஒரு சுண்டு. மீன் திரும்பிவிடும். அதனாலேயே அவளுக்குத் திருப்பக்கா என்று பெயர் விழுந்தது. மெஷின் வந்த பிறகும் அவளை வேலையிலிருந்து எடுக்கவில்லை, ஏனென்றால் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கோணலாக வருகிற மீனைக் கத்திக்கு முன்னால் யாராவது நேராக்க வேண்டியிருந்தது. கத்திக்கு ஒரு மூடி உண்டு. அதைத் திறந்தால் மெஷின் நின்றுவிடும். அடிக்கடி நிற்கிறதே என்று மூடியைக் கழற்றி எறியச் சொன்னவர் யார்? சாட்சாத் மாப்பிள்ளைதான்.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும், ஒன்றைத் தவிர. அக்காவின் கையுறை மீனோடு சேர்ந்து சிக்கியது. நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் மாப்பிள்ளையின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு யாரிடமோ போனில் மெஷின் பெருமை பேசிக்கொண்டிருந்தார். முன்பொரு தடவை சத்தமாகக் கூப்பிட்டதற்கு அவளை எல்லார் முன்னாலும் திட்டிக் கிழித்துவிட்டார். அதனால் கை உள்ளே போகும்போதுகூட அவள் கத்தவில்லை. மரியாதையாகத்தான் கூப்பிட்டாள்.

"மாப்பிள்ளை சார், கொஞ்சம் திரும்புங்க."

சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை, மூடியை அவளே கழற்றியிருக்கிறாள் என்று மாப்பிள்ளை விசாரணையில் சொன்னார். செத்தவள் வந்து மறுக்கவா போகிறாள்?

மெஷினை மறுபடி ஓட்டுகிற அன்று, கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு மாப்பிள்ளை தன் அறைக்குப் போனார். சுழல் நாற்காலி கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் வெட்டுக்கூடமும் மெஷினும் தெரிந்தன. மீனைப் பார்த்துக்கொண்டு உட்காரப் பிடிக்காமல் நாற்காலியை எப்போதும் கண்ணாடிக்கு முதுகு காட்டித்தான் அவர் போட்டிருப்பார். அறை துடைக்கிறவரைக் கூப்பிட்டு ஒரு பாட்டம் திட்டிவிட்டு நாற்காலியைத் திருப்பினார். ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது அது மறுபடி கண்ணாடியைப் பார்த்திருந்தது.

இருக்கை ஈரமாக இருந்தது.

ஏ.சி. தண்ணீர் ஒழுகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கீழே இறங்கினார். நடையைக் கொஞ்சம் வேகமாகத்தான் போட்டார்.

கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. வெள்ளை விளக்கு, ஐஸ் கட்டியின் குளிர், குளோரினும் மீன் இரத்தமும் கலந்த வாடை. மீனை நகர்த்திக்கொண்டு போகிற கன்வேயரின் இரண்டு பக்கமும் பெண்கள் வாயை மூடிக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கத்தி அருகே, அக்கா நின்ற இடத்தில், அவளுடைய தங்கச்சியை நிறுத்தியிருந்தார்கள். அவளை அங்கே நிறுத்தியதும் மாப்பிள்ளைதான். பாவம் புண்ணியம் பார்க்கிற ஆள் இல்லை அவர். மூடியைத் திரும்ப மாட்டிவிடலாமா என்று மெக்கானிக் தயங்கித் தயங்கிக் கேட்டார். வேலையைப் பார் என்று பதில் வந்தது.

மாமனார் வந்தார், கூடவே கோட்டுப் போட்ட மூன்று பேர். மாப்பிள்ளை பொத்தானுக்குப் பக்கத்தில் போய், மெஷினுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு விளக்கவுரையை ஆரம்பித்தார். தட்டு நடுங்கத் தொடங்கியது. மீன் இறங்கியது. தலை, தலை, தலை. கத்தி சீவிக்கொண்டே போனது. மாமனாரின் முகத்தில் லேசாகச் சிரிப்புக்கூட வந்துவிட்டது.

பிறகு ஒரு மீன் வால் முன்னால் வந்தது.

தங்கச்சி அதைத் திருப்பினாள். அடுத்ததும் வால். அதற்கடுத்ததும் வால். மெக்கானிக் தட்டைக் குனிந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சார், வால் முன்னாடி வரவே முடியாது சார். செதில் விடாது."

மாப்பிள்ளை திரும்பாமலே, வேகத்தைக் கூட்டு என்றார். மெக்கானிக் கூட்டவில்லை. பயந்துபோய் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டார். கத்தி நின்றது. கன்வேயர் நின்றது. கூடத்தில் ஐஸ் உருகிச் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

தட்டு மட்டும் நிற்கவில்லை.

கரண்ட் இல்லாமல், கடகடவென்று நடுங்கிக்கொண்டே இருந்தது. மீன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிலேயே கிடந்தபடி திரும்பின. கத்திப் பக்கம் இல்லை. மாப்பிள்ளை நின்ற பக்கம். கன்வேயரில் கிடந்தவையும் திரும்பின. கூடையில் கிடந்த வெட்டுப்பட்ட தலைகளும் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு திரும்பின.

எல்லாக் கண்ணும் அவர் முதுகைப் பார்த்தன.

இது எதுவும் அவருக்குத் தெரியாது. அவர்தான் திரும்பவில்லையே. எதிரில் நின்ற கோட்டுக்காரர்கள் பின்வாங்குவது மட்டும் தெரிந்தது. மாமனாரின் பார்வை அவர் தோளுக்கு மேலே எதையோ பார்த்து அப்படியே நின்றுவிட்டதும் தெரிந்தது. தங்கச்சி வாய்க்கட்டைக் கழற்றினாள். அவள் உதடு, "அக்கா" என்று அசைந்தது.

முதுகுக்குப் பின்னால் ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது. சளக். சளக்.

"மாப்பிள்ளை சார்."

அதே தாழ்ந்த குரல். அதே மரியாதை.

அந்த நேரத்திலும் அந்த மனிதர் திரும்பவில்லை. முறுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். பயத்தில் கழுத்து கட்டையாகிவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். சென்டையும் மீறி இரும்பு வாடை, இரத்த வாடை, காதுக்குப் பக்கத்தில் அடித்தது.

"கொஞ்சம் திரும்புங்க."

காதுக்குக் கீழே, தாடை எலும்பு முடிகிற இடத்தில், ஈரமான இரண்டு விரல் பதிந்தது.

தாடைக்கு அடியில் ஒரு கட்டைவிரல்.

ஒரு சுண்டு.

தலைதான் முதலில் திரும்பியது, உடம்பு அப்புறம்தான் வந்தது என்று அங்கிருந்த பெண்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். என்ன பார்த்தார் என்று தெரியாது, அவர் சொல்லவும் இல்லை. அப்படியே மீன் தண்ணீர் ஓடுகிற தரையில் உட்கார்ந்தார். கால்சட்டை நனைந்ததற்கு அந்தத் தண்ணீர் மட்டும் காரணம் இல்லை. பிறகு யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"மூடியக் கழட்டச் சொன்னது நான்தான் மாமா. அவ கூப்பிட்டது காதுல விழுந்துச்சு. நல்லாவே விழுந்துச்சு. நான் திரும்பல."

தட்டு நின்றது.

தங்கச்சி கையுறையைக் கழற்றி அவர் மடியில் போட்டாள். சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட அவரைத் தூக்கிவிடக் குனியவில்லை. மாமனார் வந்த வழியே நடந்தார். மாமா, மாமா என்று மாப்பிள்ளை பின்னால் இருந்து கூப்பிட்டுப் பார்த்தார். மாமனார் திரும்பவில்லை.

இப்போது நாற்காலியில் இளைய மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். கத்திக்கு மூடி போட்டாயிற்று, மீனும் ஒழுங்காகத் தலை முன்னால்தான் வருகிறது. மூத்தவர் வீட்டோடு கிடக்கிறார். சென்ட் பூசுவதில்லை. அந்த முறுக்கெல்லாம் எங்கே போனதோ, யார் கூப்பிட்டாலும் முதல் தடவையிலேயே திரும்பிவிடுகிறார்.

யாரும் கூப்பிடாதபோதும் திரும்புகிறார். திரும்பி, ஆளில்லாத இடத்தைப் பார்த்து, "சொல்லுங்கக்கா" என்கிறார்.

ஒவ்வொரு தடவையும் அவர் மனைவி துண்டை எடுத்து அவர் தாடைக்கு அடியில் துடைத்துவிடுகிறாள். கட்டைவிரல் அகலத்துக்கு, அந்த இடம் மட்டும் காய்வதே இல்லை. துண்டில் செதில் ஒட்டியிருக்கிறது.